புல் முளைத்த விமானம்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் தையல் மெஷின், தண்ணீர்ப் பம்பு, காலையில் ஸ்டார்ட் ஆகாத மோட்டார் சைக்கிள் இவற்றைப் பற்றிய கேள்விகள்தாம் அதிகம். சென்ற மாதம் தெலுக் இந்தானிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்த கடிதத்தை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் முறையும் படித்தேன். அவருடைய மகன் அமெரிக்காவில், கன்சாஸ் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். விமானம் ஓட்டும் லைசென்சும் எடுத்துவிட்டான். இப்போது ஒரு பழைய விமானத்தை விலைக்கு வாங்கப் போகிறானாம். ஒன்பது வருடமாக ஒரு சின்ன விமானத் திடலின் ஓரத்தில் நிற்கிறதாம். டயரில் காற்றில்லை, சக்கரத்தைச் சுற்றிப் புல். படத்தையும் அனுப்பி, "அம்மா, இதை நானே சரி பண்ணிப் பறக்கப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறான்.

"கல்யாணத்துக்கென்று அவன் சேர்த்து வைத்த பணம், ஐயா. பணம் போனால் போகட்டும். பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்? தடுக்கட்டுமா, விடட்டுமா?" என்று கேட்கிறார் அந்தச் சகோதரி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விமான மெக்கானிக் அல்ல. தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் எஞ்சின் பார்த்தவன். விமானத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் புத்தகம் வாங்கிப் படித்தும், தொழில் தெரிந்தவர்களை நச்சரித்துக் கேட்டும் வந்ததுதான். ஆனால் ஓடாமல் கிடக்கும் எஞ்சின் எப்படிக் கெடும் என்பது எனக்குத் தெரியும். அது ஸ்டோரில் கிடந்தாலும் ஒன்றுதான், விமானத்தின் மூக்கில் கிடந்தாலும் ஒன்றுதான்.

பையன் பார்த்து வைத்திருப்பது செஸ்னா 150 என்னும் இரண்டு பேர் உட்காரும் விமானம். 1958 முதல் 1977 வரை இருபத்து மூவாயிரத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். உலகத்தில் எத்தனையோ பைலட்டுகள் முதன்முதலில் ஓட்டிப் பழகியது இதைத்தான். "ஐம்பது வருடத்துப் பழசா!" என்று சகோதரி பதறுகிறார். காருக்குத்தான் அது கிழட்டு வயது. சின்ன விமானத்துக்கு அது சாதாரணம். காரணம் இருக்கிறது. விபத்து வழக்குகளும் நஷ்ட ஈட்டுத் தொகைகளும் தாங்க முடியாமல் 1986-ல் செஸ்னா கம்பெனி ஒற்றை எஞ்சின் சிறு விமானங்கள் செய்வதையே நிறுத்திவிட்டது. பதினெட்டு வருடத்துக்கு மேற்பட்ட விமானத்துக்காகச் செய்தவர் மேல் வழக்குப் போடுவதைக் கட்டுப்படுத்தி 1994-ல் சட்டம் வந்த பிறகுதான், 1996-ல் நான்கு பேர் உட்காரும் 172 வகையை மறுபடியும் செய்யத் தொடங்கினார்கள். சின்னது, இந்த 150, திரும்ப வரவே இல்லை. புதிது வாங்க வேண்டுமானால் ஒரு வீட்டு விலை. ஆகவே அந்த ஊரில் சம்பளக்காரன் பறக்க ஆசைப்பட்டால், தன்னைவிட வயதில் மூத்த விமானத்தில்தான் பறக்க வேண்டும்.

அப்படியானால் ஏன் ஒன்று மட்டும் புல்லில் நிற்கிறது? இதை விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். சொந்தக்காரருக்கு வயதாகியிருக்கும். கண் பார்வையோ நெஞ்சோ சரியில்லை என்று டாக்டர் பறக்க அனுமதி தந்திருக்க மாட்டார். "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டிருப்பார். அடுத்த வருடம் வராது. பிறகு அவர் போய்விடுவார். பிள்ளைகளுக்கு அதை விற்கவும் மனமில்லை, ஓட்டவும் தெரியாது. மாதா மாதம் நிறுத்தும் இடத்துக்கு வாடகை மட்டும் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

சிரிக்காதீர்கள். என் வீட்டுப் பின்புறத்தில் மூன்று வருடம் தார்ப்பாய்க்குள் ஒரு மோரிஸ் மைனர் இருந்தது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ண வேண்டும் என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன். தார்ப்பாயைத் தூக்கிய அன்று உள்ளே எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. ஒயர் ஒன்றுகூட மிச்சமில்லை. அந்தத் தப்பு என்னுடையதுதான், எலியுடையது அல்ல.

சரி, வாங்கலாமா என்று பார்க்கப் போகிறவன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? எஞ்சினையா? இறக்கையையா? இரண்டும் அல்ல. காகிதத்தை.

நம் காருக்குக் கிராண்ட் இருக்கிறதல்லவா? அதுபோல் அமெரிக்காவில் பதிவான ஒவ்வொரு விமானத்துக்கும் ஓக்லஹோமா சிட்டி என்னும் ஊரில் அரசாங்கப் பதிவேடு உண்டு. விற்கிறவர்தான் உண்மையான சொந்தக்காரரா, அதன் பேரில் வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா என்பதை அங்கே தேடிப் பார்க்கலாம். தேடித் தருவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், கூலியும் பெரிதல்ல. இறந்துபோனவரின் விமானமாக இருந்தால் இது மிக முக்கியம். ஒரு பிள்ளை விற்பான். பணம் கைமாறிய பிறகு இன்னொரு பிள்ளை வந்து நிற்பான்.

அடுத்தது லாக் புத்தகம். உடலுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, முன்னால் சுழலும் காற்றாடிக்கு, அதாவது புரொப்பெல்லருக்கு ஒன்று. விமானம் பிறந்த நாளிலிருந்து எத்தனை மணி நேரம் பறந்தது, என்ன கழற்றினார்கள், என்ன மாட்டினார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இதை நாவல் படிப்பதுபோல் முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பேன். "புரொப்பெல்லர் மாற்றப்பட்டது" என்று ஒரு வரி வரும். ஏன் மாற்றினார்கள்? தரையில் அடித்ததா? அடித்திருந்தால் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்களா? அடுத்த வரியில் அதற்குப் பதில் இல்லையென்றால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். வெளியே பெயிண்ட் புத்தம் புதிதாக இருக்கும். லாக் புத்தகத்தில் பெயிண்ட் அடித்த தேதிக்கு முந்தைய வாரம் ஒரு வால் பகுதி மாற்றிய கணக்கு இருக்கும். புத்தகமே தொலைந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால் விலை நன்றாகக் குறைய வேண்டும். நானாக இருந்தால் விலை பேசாமலே திரும்பி வந்துவிடுவேன்.

இன்னொன்றும் அந்தக் காகிதங்களில் பார்க்க வேண்டும். ஒரு வகை விமானத்தில் ஆபத்தான குறை கண்டுபிடிக்கப்பட்டால், அந்த வகை விமானம் வைத்திருப்பவர் எல்லாரும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க விமானத் துறை உத்தரவு போடும். செஸ்னாவில் பைலட் நாற்காலி சறுக்கும் தண்டவாளத்துக்கு அப்படி ஓர் உத்தரவு உண்டு. தண்டவாளத்தின் ஓட்டை தேய்ந்தால், விமானம் மூக்கைத் தூக்கி மேலே ஏறும்போது நாற்காலி சட்டென்று பின்னால் சறுக்கும். பைலட் பிடிமானத்துக்குக் கையிலிருக்கும் ஸ்டியரிங்கையே இழுப்பான். மூக்கு இன்னும் மேலே போகும். ஆள் இறந்திருக்கிறார்கள். ஒரு சின்ன ஓட்டையும் ஒரு சின்ன முளையும்தான் காரணம். ஒன்பது வருடம் நின்ற விமானத்துக்கு இப்படி வந்த உத்தரவுகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சகோதரியின் பயத்துக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டுமானால் இதையும் சொல்லியாக வேண்டும். 2018 ஏப்ரலில் ஃபுளோரிடாவில் டேடோனா பீச் அருகே ஒரு பைப்பர் பயிற்சி விமானத்தின் இறக்கை பறக்கும்போதே கழன்று இரண்டு பேர் மாண்டார்கள். இறக்கையின் முதுகெலும்பாக இருக்கும் ஸ்பார் என்னும் உத்தரத்தில், போல்ட் ஓட்டைப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத விரிசல். அந்த விமானம் 2007-ல் செய்தது! வயதான விமானமே அல்ல. பயிற்சிக்காக ஓயாமல் ஏறி இறங்கியது அதன் உலோகத்தைக் களைக்க வைத்துவிட்டது. பிறகு 2020-ன் கடைசியில் அந்த வகை விமானங்கள் பலவற்றின் போல்ட் ஓட்டைகளை மின்சாரக் கருவியால் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆகவே வயதை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் தப்பு, புதிதாக இருக்கிறதே என்று தைரியப்படுவதும் தப்பு.

இனி எஞ்சினுக்கு வருவோம். 150-ல் இருப்பது காண்டினென்டல் கம்பெனியின் நான்கு சிலிண்டர் எஞ்சின், 100 குதிரைத்திறன். 1,800 மணி நேரம் ஓடினால் முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. விற்பவர், "அறுநூறு மணி நேரம்தான் ஓடியிருக்கிறது, இன்னும் பாதிக்கு மேல் உயிர் இருக்கிறது" என்பார். நம்பாதீர்கள். மணி ஒரு கணக்கு, வருடம் இன்னொரு கணக்கு. ஓடாத எஞ்சினில் உள்சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெய் மெல்ல வழிந்து கீழே போய்விடும். பழைய எண்ணெயில் ஈரமும் அமிலமும் இருக்கும். ராத்திரி குளிரும் பகல் வெயிலும் மாறி மாறி உள்ளே வியர்க்க வைக்கும். சிலிண்டர் சுவரில் துரு பூக்கும். வால்வைத் தூக்கி இறக்கும் கேம் ஷாஃப்டிலும் துரு ஏறும். அதன் மேல் ஓட்டினால் துரு அரத்தைப்போல் அராவி, எஞ்சின் முழுக்க இரும்புத் தூள் பரவும். லைக்கமிங் என்னும் இன்னொரு கம்பெனி எஞ்சினில் கேம் ஷாஃப்ட் மேலே இருப்பதால் எண்ணெய் சீக்கிரம் வடிந்து அது முதலில் கெடும். காண்டினென்டலில் அது கீழே இருக்கிறது. பையனுக்கு அந்த மட்டில் கொஞ்சம் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் என்றுதான் சொன்னேன், உத்தரவாதம் என்று சொல்லவில்லை.

ரப்பரைப் பற்றி நமக்கா சொல்ல வேண்டும்? நாம் வெட்டிய பால்தானே! எண்ணெய்க் குழாய், பெட்ரோல் குழாய், சீல், டயர், பிரேக் வாஷர் எல்லாம் ஒன்பது வருடத்தில் கட்டையாகியிருக்கும். இவற்றைச் சோதித்துக்கொண்டிருப்பது வீண் வேலை. கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டியதுதான்.

இப்போது நான் சொல்லப்போவதை அந்தச் சகோதரி இன்றிரவே மகனுக்குச் சொல்ல வேண்டும். பழைய விமானத்தைப் பார்க்கப் போகிற எவனுக்கும் கை குறுகுறுக்கும். "எஞ்சின் சுற்றுகிறதா, இறுகிப் போயிருக்கிறதா பார்க்கலாம்" என்று காற்றாடியைக் கையால் பிடித்து இழுப்பான். கூடாது! விமான எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது மேக்னெட்டோ. ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு வைத்திருப்பார்கள். அதற்கு பேட்டரி தேவையில்லை. சுற்றினாலே தானாக மின்சாரம் உண்டாக்கும். சாவியை ஆஃப் பண்ணுவது என்றால், ஒரு ஒயர் வழியாக அந்த மின்சாரத்தை உடலுக்குள் இறக்கிவிடுவதுதான். அந்த ஒயரை எலி கடித்திருந்தால், துரு அறுத்திருந்தால், சாவி ஆஃபில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஆவி இருந்தால் போதும், காற்றாடி ஒரு வீச்சு வீசும். கை போகும், தலையும் போகும். ஒன்பது வருடம் தூங்கிய எஞ்சின் செத்துவிட்டது என்று நினைத்துத் தொடக்கூடாது. என் காலத்தில் தோட்டத்துப் பம்பு எஞ்சின் ஒன்று இப்படித் திடீரென்று உதைத்து, கயிறு இழுத்தவரின் மணிக்கட்டு முறிந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அது சின்ன எஞ்சின்.

உடலைப் பார்ப்பதற்கு டார்ச் லைட்டும், கண்ணாடித் துண்டு கட்டிய குச்சியும் வேண்டும். தகடெல்லாம் அலுமினியம்தானே, துருப்பிடிக்காதே என்பீர்கள். பலமான அலுமினியத்தில் செம்பு கலந்திருக்கிறது. அது உப்புக் காற்றில் வெள்ளைப் பொடியாகப் பூத்து, ஏடு ஏடாகப் பிரியும். கடலோரத்தில் நின்ற விமானமா, வறண்ட ஊரில் நின்ற விமானமா என்று கேட்பது அதனால்தான். இறக்கைக்குள் எலி கூடு கட்டியிருந்தால் கூட்டை எடுத்தெறிந்தால் போதாது. எலியின் சிறுநீர் தகட்டையே தின்னும். வேகம் காட்டும் குழாய்க்குள் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். பெட்ரோல் டாங்கியின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும்.

சில பழைய விமானங்களுக்குத் தகடு கிடையாது, துணிதான். மஞ்சள் நிறத்தில் பைப்பர் கப் என்று ஒன்று படங்களில் பார்த்திருப்பீர்கள். 1938 முதல் 1947 வரை இருபதாயிரம் அளவுக்குச் செய்தார்கள். இரும்புக் குழாயில் கூடு கட்டி, மேலே பருத்தித் துணி போர்த்தி, டோப் என்னும் வார்னிஷ் பூசி இறுக்குவார்கள். இறக்கையின் விலா எலும்போடு துணியை ஊசி நூலால் தைப்பார்கள். முடிச்சு எப்படிப் போட வேண்டும் என்பதற்குக்கூட விதி உண்டு. தையல் தெரிந்த நம் பெண்மணிகள் யாராவது பார்த்தால் தாங்களே உட்கார்ந்துவிடுவார்கள்! துணியின் பலம் அதற்கு விதித்த புதுத் துணிப் பலத்தில் 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மொத்தத்தையும் உரித்து மறுபடியும் போர்த்த வேண்டும். இப்போது பாலியெஸ்டர் துணி வந்துவிட்டதால் நெடுநாள் தாங்குகிறது. பையன் பார்ப்பது தகடு விமானம். ஆகவே இது நிற்க.

இவ்வளவையும் பையனே பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஆசை வைத்தவன் கண்ணுக்குத் துரு தெரியாது. பணம் கொடுப்பதற்கு முன்னால், விற்பவரோடு பழக்கமில்லாத, அந்த வகை விமானம் நன்றாகத் தெரிந்த லைசென்ஸ் மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துப்போக வேண்டும். அவர் பிளக் ஓட்டை வழியாகச் சின்னக் கேமரா விட்டு சிலிண்டர் சுவரைப் பார்ப்பார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் 80 பவுண்ட் அழுத்தத்தில் காற்றை ஏற்றி எவ்வளவு நிற்கிறது, கசிவது வால்வு வழியா, பிஸ்டன் வளையம் வழியா என்று காது வைத்துக் கேட்பார். "வேண்டாம்" என்று அவர் சொன்னால் கூலி வீண் என்று நினைக்கக்கூடாது.

வாங்கிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். நானே சரி பண்ணுகிறேன் என்கிறானே, முடியுமா? ஓரளவு முடியும். லைசென்ஸ் உள்ள பைலட் தன் விமானத்துக்கு எண்ணெய் மாற்றலாம், டயர் மாற்றலாம், பிளக் துடைக்கலாம். இப்படிச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதற்கு மேற்பட்டதை லைசென்ஸ் மெக்கானிக் பக்கத்திலிருந்து பார்க்க, அவர் பொறுப்பில் செய்யலாம். கையெழுத்து அவருடையது. வருடத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை உண்டு. அதில் கையெழுத்துப் போட இன்னும் மேற்பட்ட அதிகாரம் பெற்ற ஆள் வேண்டும். ஆகவே இந்த வேலையில் முதலில் தேட வேண்டியது ஸ்பேனர் அல்ல, கற்றுக் கொடுக்கச் சம்மதிக்கும் ஒரு பொறுமையான பெரியவர். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் விமானம் வாங்கவே வேண்டாம்.

மற்றபடி சுரண்டுவது, கழுவுவது, துடைப்பது, தரையை அகற்றிக் கேபிள்களைப் பார்ப்பது, இருக்கை தைப்பது இதெல்லாம் நூற்றுக்கணக்கான மணி நேர வேலை. அது அவன் கையால் ஆகட்டும். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் ஒரு டப்பாவில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி ஒட்டட்டும், படமும் பிடித்துக்கொள்ளட்டும். நான் மைலோ டின்னில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு வைத்து, பிறகு ஒரு கார்புரேட்டரை நான்கு நாள் முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட்டை அவசரத்துக்கு மாட்டவும் கூடாது. விமானத்துக்கென்று சான்றோடு வந்த சாமான்தான் போட வேண்டும். விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வாங்கும் விலைதான் இதில் சின்னச் செலவு. எஞ்சினை முழுதாகப் புதுப்பிக்க வேண்டி வந்தால் அதுவே இருபதாயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் சுலபமாகப் போகும். ரேடியோ, டயர், குழாய், பெயிண்ட், கொட்டகை வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் கூட்டினால், நன்றாகப் பறந்துகொண்டிருக்கும் இன்னொரு 150-ஐ வாங்கும் விலையைத் தாண்டிவிடும். மலிவாகப் பறக்க வேண்டும் என்பதற்காகப் பழுதான விமானம் வாங்குபவன் ஏமாந்தவன். கையில் கிரீஸ் படுவதில் சந்தோஷம் உள்ளவன், இரண்டு வருடம் என்று நினைத்தது ஐந்து வருடமானாலும் சலிக்காதவன், அவன் வாங்கலாம். பாதி பிரித்துப் போட்டு, இறக்கை ஓரிடம் உடல் ஓரிடமாக விற்பனைக்கு வரும் விமானங்கள் எத்தனையோ! அவையெல்லாம் இப்படி ஆசையாகத் தொடங்கியவைதாம்.

இப்படி மீண்டு வந்த ஒரு விமானத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1958 டிசம்பர் 4-ல் லாஸ் வேகாஸில் ராபர்ட் டிம், ஜான் குக் என்ற இருவர் ஒரு செஸ்னா 172-ல் ஏறினார்கள். 1959 பிப்ரவரி 7-ல்தான் இறங்கினார்கள். 64 நாள் 22 மணி நேரத்துக்கு மேல் தரையில் நிற்கவே இல்லை. சாலையில் ஓடும் லோரியிலிருந்து குழாயைத் தூக்கிப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டார்கள். சாப்பாடும் அப்படித்தான். ஆள் ஏறிய விமானத்தில் அவ்வளவு நாள் வானத்தில் இருந்தவர்கள் இன்றுவரை வேறு இல்லை. அந்த விமானமும் பிறகு விற்கப்பட்டுக் கனடாவுக்குப் போய்விட்டது. தேடிக் கண்டுபிடித்துத் திரும்பக் கொண்டு வந்தார்கள். இப்போது லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில் பயணிகள் தலைக்கு மேல் தொங்குகிறது. மகனைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த வழியாகப் போனால் அண்ணாந்து பாருங்கள்.

எல்லாம் முடிந்து முதல்முறை மேலே ஏறும் நாள் ஒன்று வருமே, அதைப் பற்றித்தான் அந்தத் தாய்க்குப் பயம். அந்த நாளிலும் அவசரம் கூடாது. எஞ்சினைத் தரையிலேயே ஓட்டிவிட்டு எண்ணெயை வடித்து, இரும்புத் தூள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திடலுக்குள் மெல்ல ஓட்டிப் பிரேக்கைப் பார்க்க வேண்டும். முதல் பறப்பை, அந்த வகை விமானத்தில் பல நூறு மணி நேரம் பறந்த வேறொரு பைலட் செய்வது நல்லது. அது கௌரவக் குறைவு அல்ல. திடலுக்கு நேர் மேலேயே, எஞ்சின் நின்றாலும் இறங்கிவிடக்கூடிய உயரத்தில், வட்டம் போட வேண்டும். நண்பனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படம் பிடிக்கும் வேலையெல்லாம் அன்று வேண்டாம்.

சகோதரி, தடுக்கட்டுமா விடட்டுமா என்று கேட்டீர்கள். முப்பது வயதுப் பிள்ளையைத் தெலுக் இந்தானிலிருந்து எப்படித் தடுப்பீர்கள்? தடுத்தால் உங்களிடம் சொல்லாமல் வாங்குவான், அவ்வளவுதான். அவனைக் கூப்பிட்டு, லாக் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கற்றுக் கொடுக்கப்போகும் பெரியவர் யார், அவரோடு ஒரு நாள் பேசலாமா என்று கேளுங்கள். கல்யாணப் பணத்தில் எவ்வளவு போனால் நிறுத்திவிடுவாய் என்று கேட்டு, அந்தத் தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்கிறவனைக் காற்றாடி விஷயத்தை மட்டும் இன்னொரு தரம் நினைவுபடுத்தி விட்டுவிடலாம். மெக்கானிக் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

சிரம்பான் வாசகர் கேட்டிருந்த மாவு அரைக்கும் மெஷின் பெல்ட் பற்றி அடுத்த இதழில்.